முப்பத்து மூன்று இன்ச்

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஏரிச் சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டது. எழுதும்போதே காது சுடுகிறது.

மலைத்தடம் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எல்லோரும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ரோடு இல்லாத இடமாகத் தேடிப் போய் ஓட்டுவோம். வாரம் முழுக்கக் கோழித் தீவன மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இன்று முதல் தடவையாகத் தெய்வானையையும் கூட்டிப் போனேன். எல்லோருக்கும் சேர்த்துப் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

முன்னால் போன வண்டிகள் எல்லாம் சுலபமாக ஏரியைக் கடந்துவிட்டன. என்னுடையது நடுவில் நின்றுவிட்டது. மிதிக்க மிதிக்க நாலு சக்கரமும் சுற்றியதே தவிர, வண்டி கீழேதான் போனது. கரையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நானும் சிரித்தபடி, "எங்க வீட்டுக்காரம்மாவ எறக்கி விட்டாப் போதும், தானா ஏறிக்கும்" என்றேன். நல்ல சிரிப்பு கிளம்பியது. தெய்வானை இறங்கிவிட்டாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அந்தச் சேற்றில் கரை போய்ச் சேர அவளுக்கு வெகுநேரம் ஆனது. வண்டி அப்போதும் ஏறவில்லை.

கடைசியில் குழுத் தலைவர் ரகுநாத் தன் பழைய ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துவிட்டார். அவருடைய டயர் என்னுடையதைவிடச் சின்னது. சேற்றில் இறங்கும் முன் காற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்வாராம். "நீங்க காத்து எறக்கலீங்களா?" என்று கேட்டார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் நாமக்கல்காரன். தெருவுக்குத் தெரு லாரி நிற்கிற ஊர். இந்த ஊரில் பிறந்தவன் சேற்றில் மாட்டினான் என்று வெளியே சொன்னால் யார் மதிப்பார்கள்?

திரும்பி வரும்போது தெய்வானை ஒன்றுதான் கேட்டாள். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

ஆகஸ்ட் 7, திங்கள்

நான் சேற்றில் மாட்டியதை யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றுகிறது. சண்டைக்காட்சி இசை வேறு சேர்த்திருக்கிறார்கள். தீவனம் வாங்க வந்த பண்ணைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "டயரு பத்தலீங்க உங்குளுக்கு" என்றார். டயர்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆகஸ்ட் 10, வியாழன்

மூன்று நாளாக டயர் பாடம். என் வண்டியோடு வந்த டயர் 245/75 ஆர் 16. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. கடைசி எண் உள்ளே இருக்கும் இரும்பு வளையம், அதாவது ரிம், எத்தனை இன்ச் என்று. கூட்டிக் கழித்தால் என் டயரின் மொத்த உயரம் முப்பதரை இன்ச். குழுவில் மதிப்பு முப்பத்து மூன்றுக்குத்தான்.

பெரிய ரிம் போட்டால் பார்க்க அழகு, ஆனால் ரப்பர் குறைந்துவிடும், கல்லில் அடி வாங்கும். ஆகவே ரிம் அதே பதினாறு, டயர் மட்டும் 285/75. இது என் முடிவு. யாரையும் கேட்காமல் நானே படித்துக் கண்டுபிடித்தேன். அந்த அளவு சும்மா உள்ளே போகாது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்கார்டில் உரசும். வண்டியை இரண்டு இன்ச் தூக்க வேண்டும். அதற்கும் சாமான் கிடைக்கிறது.

சாப்பிடும்போது தெய்வானையிடம் இதையெல்லாம் விளக்கினேன். தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "இப்ப இருக்கறது நல்லாத்தானுங்களே இருக்குது" என்றாள். அவளுக்கு அந்த வீடியோவைப் பற்றித் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

அர்த்தநாரி டயர் கடையில் சொல்லிவிட்டு வந்தேன். அர்த்தநாரி வாய் ஓயாத மனிதர். பேச்சோடு பேச்சாக, "வண்டில யாரு யாரு போவீங்க?" என்றார்.

கடைக்குக் கூட வந்திருந்த ரகுநாத் பக்கத்தில் நின்றிருந்தார். "நான்தான். வேற யாரு?" என்றேன்.

"அப்பறமென்ன, சைடு ஸ்டெப்பக் கழட்டி எறிஞ்சிருங்க" என்றார் ரகுநாத். சைடு ஸ்டெப் என்பது கதவுக்குக் கீழே ஏறுவதற்கென்று இருக்கும் படி. பாறையில் போகும்போது முதலில் இடிப்பது அதுதானாம். மலைத்தடத்தில் ஒரு வண்டியிலும் அது கிடையாது. படி வைத்த வண்டியைப் பார்த்தால் "மாமியார் வண்டி" என்பார்கள். சரி, கழற்றிவிடலாம் என்றேன்.

ஆகஸ்ட் 16, புதன்

என்ன சொல்ல! வண்டி நிற்கிற நிற்பே வேறு. பழைய டயர்களை அர்த்தநாரியே எடுத்துக்கொண்டார். கழற்றிய படிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மோட்டார் ரூமில் போட்டிருக்கிறேன். குழுவில் போட்டோ போட்டதும் கைதட்டலாக வந்து குவிந்தது. ஏரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தெய்வானை வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இடப்பக்கக் கதவைத் திறந்தாள், மூடினாள். "ஒசரமா ஆயிருச்சுங்க" என்றாள்.

"அதான வேணும்" என்றேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

கொல்லிமலையில் இருந்து போன். தெய்வானையின் அக்கா நல்லம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கும் வந்துவிட்டார்களாம். நாங்கள் பயப்படுவோம் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும்போது சொல்லவில்லை. அக்காவும் தங்கையும்தான், கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை. வீட்டுக்காரர் இறந்த பிறகு நல்லம்மாள் அக்கா மிளகுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகத்தான் மலையில் இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை தெய்வானை போகாமல் இருந்ததில்லை.

"ஞாயித்துக்கெழம போலாமா? நம்ம வண்டிக்கு இப்ப அந்த மண் ரோடெல்லாம் ஒரு பொருட்டே இல்ல" என்றேன்.

"மழ விடட்டுமுங்க" என்றாள். மழையே இல்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

தெய்வானையின் முழங்கையில் பெரிய சிராய்ப்பு. வாசலில் தடுக்கிவிட்டதாம். மருந்து போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

வண்டியில் அறுபது காட்டினால் உண்மையில் அறுபத்து ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறேன். டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். இதைச் சொன்னதும் குழுவில் இரண்டு பேர் என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

தெய்வானை கோயிலுக்கு ஆட்டோவில் போனாள். வண்டி வாசலில்தான் நின்றது, நானும் சும்மாதான் இருந்தேன். "எதுக்குங்க உங்குளுக்குச் செரமம்" என்றாள். என்மேல் என்னவோ கோபம். டயருக்குச் செய்த செலவாக இருக்கும். கேட்டால் சொல்லவும் மாட்டாள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அதே ஏரி. காற்றையும் குறைத்துக்கொண்டேன், யாரும் பார்க்கும் முன் வீட்டுப் பக்கத்திலேயே. வழுக்கிக்கொண்டு போவது போல அக்கரைக்குப் போய்விட்டேன். ரகுநாத் தோளில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நல்லதாப் போச்சுங்க" என்று உண்மையாகவே சிரித்தாள். பிறகு அக்காவிடம் இருந்து போன் வந்தது. உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டேன். "ஞாயித்துக்கெழம குழுவோட கொல்லிமலைக்குத்தான் போறேன். நீயும் வா, அக்கா வீட்ல எறக்கி விடறேன்."

"தலவலிங்க" என்றாள், இன்னும் மூன்று நாள் கழித்து வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கெடக்கறது உன்ற அக்கா. என்ற அக்கா இல்ல" என்றேன். எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த அடுப்பு.

செப்டம்பர் 3, ஞாயிறு

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

மலை ஏறியதும் குழுவினரை முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் மண் ரோட்டில் திரும்பி நல்லம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். தெய்வானை கொடுத்தனுப்பிய தைலமும் முறுக்கும் கையில். அக்கா ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்கள்.

"ஒரு கதவுச் சத்தந்தான கேட்டுது" என்றார்கள். "அவ வரலீங்களா தம்பி?"

"கூப்பிட்டனுங்க அக்கா. வரமாட்டீங்கறா. என்மேல ஏதோ கோவம்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார்கள். "நெசமாவே உங்குளுக்குத் தெரியாதுங்களா?"

"என்னதுங்க?"

"அவளால ஏற முடியலீங்க தம்பி. அந்த வண்டில."

எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அக்கா சொன்ன அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புதுச் சக்கரம் வந்த நாளில் அவள் கதவைத் திறந்து மூடியது கண் முன்னால் வந்தது.

அக்கா எல்லாம் சொன்னார்கள். நான் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் குளிக்கிற முக்காலியை வண்டிக்குப் பக்கத்தில் போட்டு ஏறிப் பார்த்திருக்கிறாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் முக்காலியில். முக்காலி சறுக்கி விழுந்திருக்கிறாள். முழங்கை அப்போது சிராய்ந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் முதலில் சுற்றிலும் பார்த்தாளாம்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"நானும் அதான் கேட்டனுங்க. வேண்டாங்கக்கா, ஏரில மாட்டுனதுல இருந்து மனுசன் மொகமே சரியில்ல, இப்பத்தான் தெளிஞ்சிருக்கறாரு, நான் போயி அதக் கெடுக்கறதாங்கறா."

அந்த வீடியோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த வண்டியை வாங்கினதே அவளுக்காகத்தான். பழைய காரில் இருந்து எழுந்திருக்க முடியவில்லை, மலையில் ஓடுகிற ஜீப்பில் ஏற முடியவில்லை. ஷோரூமில் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கிப் பார்த்து, இந்தப் படியில் கால் வைத்து உட்கார்ந்ததும், "இது போதுமுங்க" என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அக்காவைப் பார்க்கப் போக அவளுக்கு இருந்த ஒரே வழியை, நான்கு பேர் சிரிக்கக் கூடாது என்பதற்காக நாலு விரல் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, ஏறும் படியையும் கழற்றி மோட்டார் ரூமில் போட்டிருக்கிறேன். அப்புறம் அவளைப் பார்த்து, உன் அக்காதானே என்று கேட்டிருக்கிறேன்.

குழுவோடு சேரவில்லை. நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். "அக்கா எப்பிடி இருக்கறாங்க?" என்றாள். "பரவால்ல" என்றேன்.

செப்டம்பர் 4, திங்கள்

அவள் குளித்துக்கொண்டிருந்தபோது வண்டியின் இடப்பக்கம் போய் நின்றேன். முழங்காலை அதிகம் மடக்காமல் ஏறிப் பார்த்தேன். முடியவில்லை. மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கினால் முடிகிறது. ஐம்பத்து மூன்று வயதுப் பெண், புடவையோடு, தெருவில் அப்படித் தொங்குவாளா?

செப்டம்பர் 6, புதன்

அர்த்தநாரியிடம் போய்ப் பழைய அளவே போட்டுவிடச் சொன்னேன். என் பழைய டயர்களை அவர் விற்றுவிட்டார். அதே 245/75இல் புதிதாக வாங்கினேன். தூக்கி வைத்த சாமானைக் கழற்றி, படிகளை மறுபடியும் மாட்டியாயிற்று.

"ஏனுங்க, என்னாச்சு?" என்றார்.

"மைலேஜ் கெடைக்கலீங்க."

வீட்டிலும் அதையேதான் சொன்னேன். மைலேஜ் கிடைக்கவில்லை. தெய்வானை வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தெரிந்துதான் மாற்றினேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போகலாம் என்று அவளே சொன்னாள்.

செப்டம்பர் 8, வெள்ளி

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அர்த்தநாரி சொல்லியிருப்பார், காலையில் ரகுநாத் குழுவில் கேட்டிருந்தார், முப்பத்து மூன்றை ஏன் கழற்றினீர்கள் என்று. மைலேஜ் என்று சொன்னால் அந்தக் குழுவில் ஒருவனும் மதிக்க மாட்டான். ஒரு கணம் யோசித்துவிட்டு, "வீட்டுல ஏற முடியலியாம். என்ன பண்றது, மேலிடத்து உத்தரவு" என்று சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பினேன். விரல் தானாக அடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

மாலையில் தெய்வானையோடு கடைவீதிக்குக் கிளம்பினேன். மூன்று வாரத்துக்குப் பிறகு முன் இருக்கையில் அவள். படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, சிரமம் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். போன் வண்டியின் ஸ்பீக்கரோடு சேர்ந்துகொள்ளும். ரகுநாத்திடம் இருந்து குரல் செய்தி வந்திருந்தது. ஏதோ ஞாயிற்றுக்கிழமைத் திட்டமாக இருக்கும் என்று தட்டி ஓடவிட்டேன்.

வண்டி முழுக்க அவர் குரல். "ஏனுங் கொழந்தவேலு, ஊட்டம்மாவால முப்பத்து மூணு போச்சுங்களா? அடுத்த வண்டி வாங்கறப்ப ஒரு ஏணியும் சேத்து வாங்கிக் குடுத்துருங்க." பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அணைப்பதற்குள் எல்லாம் ஒலித்து முடிந்துவிட்டது.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மைலேஜுன்னீங்க?" என்றாள்.

"தெய்வான..."

"உங்குளுக்குத் தெரிஞ்சிருக்குது."

"அக்கா சொன்னாங்க."

சிக்னல் விழுந்து, பச்சையும் வந்து, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அதற்குப் பிறகுதான் பேசினாள். "உங்ககிட்டச் சொல்லாமயே மறச்சிட்டனேன்னு மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. சொல்லாததே நல்லதாப் போச்சு."

கோபமே இல்லை குரலில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 9, சனி

பேசுகிறாள். சாப்பிடக் கூப்பிடுகிறாள். மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் கிளம்பினோம். நான் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். "கால நீட்டிக்க வசதியா இருக்குமுங்க" என்றாள். இருக்கலாம். வழி நெடுக முன் இருக்கையில் அவளுடைய பழக்கூடைதான் என்னோடு வந்தது.

அடிவாரத்தில் டீக்கடை முன்னால் மலைத்தடத்து வண்டிகள் நின்றிருந்தன. இன்றைக்கு அவர்கள் மலைக்கு வருவது எனக்குத் தெரியும். நிறுத்தாமல் போய்விடலாம் என்றுதான் வந்தேன், ஆனால் ரகுநாத் கையைக் காட்டிவிட்டார். வண்டியை அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன்.

டீயைக் கையில் கொடுத்துவிட்டு அவர் சக்கரத்தைப் பார்த்தார். "மறுபடியும் மாமியார் வண்டியாக்கீட்டீங்க. மேலிடம் வந்திருக்குதுங்களா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். என் வாயும் சிரிக்கத் தயாராகிவிட்டது. அது எனக்கே தெரிந்தது, அருவருப்பாக இருந்தது.

"மேலிடமும் இல்ல, உத்தரவும் இல்லீங்க" என்றேன். "அவங்களுக்கு முழங்கால் தேய்மானம். இந்த வண்டி வாங்குனதே அவங்க அக்காளப் பாக்கப் போகத்தான். நான் உங்க முன்னாடி பெரிய ஆளாகணும்னு ஒசத்திட்டேன். ஏறப் பாத்து விழுந்திருக்கறாங்க. ஊட்ல ஒரே கூரைக்கு அடியில இருந்துட்டு எனக்கு அது தெரியல. தெரிஞ்ச பொறகும் உங்ககிட்ட அவங்க மேலதான் பழியப் போட்டேன். அவங்க எதையும் மாத்தச் சொல்லல. ஒரு வார்த்த சொல்லல."

ஒருவர் டீ கிளாஸைப் பார்த்தார். ஒருவர் போனை எடுத்தார். "நாங்க சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க" என்றார் ரகுநாத்.

"நீங்க வெளையாட்டுக்குத்தான் சொன்னீங்க. நான் அப்பிடிச் சொல்லல" என்றேன். மிச்ச டீயைக் குடித்து, கிளாஸை வைத்துவிட்டு, வண்டிக்கு வந்து உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். தெய்வானைப் பக்கத்து ஜன்னல் முழுக்க இறங்கியிருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று சாவியைத் திருப்பாமல் காத்திருந்தேன்.

"எனக்கு டீ வாங்கலீங்களா?" என்றாள்.

வாங்கவில்லை. அவளை வண்டியில் வைத்துக்கொண்டு, அவளைப் பற்றி அத்தனை பேரிடம் அவ்வளவு பேசிவிட்டு, அவளுக்கு ஒரு டீ வேண்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இறங்கிக் கடையை நோக்கி நடந்தேன். அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சக்கர வேண்டாமுங்க" என்று தெய்வானை பின்னால் இருந்து சத்தமாகச் சொன்னாள். "சூடா இருக்கணும். ஆறிப்போனதக் கொண்டு வந்தீங்கன்னா நான் குடிக்க மாட்டேன்."